நட்சத்திரத்துக்குப் புறப்பட்டவர் பஸ் ஏறாத கதை

பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குக் கைக்குட்டை போடுகிறவர், ரயில் வருவதற்கு வெகு நேரம் முன்பே பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு மணி பார்க்கிறவர், விமானத்தில் ஏறியதும் ஏறாததுமாக மைத்துனருக்குப் படம் அனுப்புகிறவர், இவர்களையெல்லாம் பயணிகள் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாவம், உலகத்துக்கு விவரம் போதாது. உண்மையான பயணி வீட்டில் இருக்கிறார். கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த நாற்காலியில் சாய்ந்து, கால்களை இன்னொரு நாற்காலியின் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு, பக்கத்து நட்சத்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். உள்ளே இருந்து யாராவது கூப்பிட்டால் "இதோ வர்றேன்" என்பார். வரமாட்டார். நான்கு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறவர் கூப்பிட்டவுடன் எப்படி வருவார், நீங்களே சொல்லுங்கள்.

இந்த இனத்துக்கு நான் ஒளிவேகத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அப்படி யாரும் இல்லையே என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன். அடையாளம் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. முடிவெட்டும் கடையில், பல் டாக்டரின் வரவேற்பறையில், ரேஷன் கார்டு புதுப்பிக்கிற வரிசையில், எங்கே இரண்டு பேர் சும்மா நிற்கிறார்களோ அங்கே மூன்றாவதாக வந்து நின்று, வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் நாகரிகமாக ஆளுக்கொரு வார்த்தை பேசிவிட்டு, "ஆனா ஒண்ணு பாத்தீங்களா சார், காலம்ங்கறது எல்லாருக்கும் ஒண்ணு இல்ல" என்று ஆரம்பிப்பார். முடிந்தது கதை. உங்கள் முறை வந்து, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, பாதித் தலை வெட்டி முடிந்திருக்கும். அவர் அப்போதுதான் இரட்டைச் சகோதரர்களில் ஒருவனை விண்கலத்தில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

அந்த இரட்டைச் சகோதரர்களை எனக்குச் சொந்தக்காரர்கள் அளவுக்குத் தெரியும். ஒருவன் பூமியிலேயே இருந்துவிடுவான். மற்றவன் ஒளியின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வேகம் பிடித்துக் கிளம்பிப் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வருவான். போனவனுக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் இருந்தவனுக்கு முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கும். இருந்தவன் நரைத்து, பல் கொட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்பான். போனவன் சட்டை கசங்காமல் வந்து இறங்குவான். இதில் பொய் ஒன்றும் இல்லை. கணக்குச் சரி, படித்தவர்கள் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கணக்கு. நான் கேலி செய்வது கணக்கை அல்ல. அந்தக் கணக்கைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு, கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வராமல் காலம் தள்ளுகிற மனிதரை.

எங்கள் ஒளிவேகத்தார் கீழ்வீட்டுக்காரர். நான் மாடியில் குடியிருக்கிறேன், அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வராது, அது தொழில் கோளாறு. அவர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தினமும் தாமதமாகப் போவார். மேலாளர் கடிகாரத்தைக் காட்டினால், "அது உங்க கடிகாரம் சார்" என்பாராம். ஒருநாள் பாலிசி விஷயமாக வந்த ஒரு பெரியவரிடம், "நீங்க ஒளிவேகத்துல போயிட்டு வந்தீங்கன்னா உங்க பாலிசி எப்ப முதிரும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு வைக்க, அந்த மனிதர் வெலவெலத்துப் போய் நேரே மேலாளரிடம் ஓடி, "நான் எங்கயும் போகலீங்க, இங்கயேதான் இருக்கேன், வேணும்னா எங்க வீட்ல கேட்டுப் பாருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ஒளிவேகத்தார் விருப்ப ஓய்வு கேட்டபோது அலுவலகமே விருப்பத்தோடு கொடுத்தது. கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அதை அவர் இன்னும் மாட்டவில்லை, ஆணி அடிக்க வேண்டுமாம்.

அவரிடம் மொத்தமே இரண்டு சொற்கள்தான் மூலதனம். ஒன்று, கொள்கையளவில். இன்னொன்று, வெறும் இன்ஜினியரிங். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதர் அண்டவெளியையே வளைத்துப் போட்டுவிட்டார். நட்சத்திரத்துக்கு மனிதன் போக முடியுமா என்று கேட்டால் "கொள்கையளவுல முடியும் சார்" என்பார். எப்படி என்று கேட்டால் "அது வெறும் இன்ஜினியரிங்" என்பார். எனக்குத்தான் தொழில் கோளாறு இருக்கிறதே, ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டுவிட்டேன்.

"சார், அவ்வளவு வேகம் எடுக்கணும்னா எரிபொருள் எவ்வளவு வேணும்?"

"வெறும் இன்ஜினியரிங்."

"அந்த எரிபொருளைத் தூக்கிட்டுப் போக இன்னும் எரிபொருள் வேணும், அதைத் தூக்க இன்னும் வேணும், இப்படியே போனா கப்பல் மலையளவு ஆயிடுமே?"

"இன்ஜினியரிங் சார்."

"வழியில ஒரு தூசி மோதினாலே குண்டு விழுந்த மாதிரிங்கறாங்களே?"

"அதுவும் இன்ஜினியரிங்தான்."

"சரி, போய்ச் சேந்ததும் எப்படி நிறுத்துவீங்க? பிரேக் பிடிக்க அங்க ரோடா போட்டு வச்சிருக்காங்க? வேகம் எடுக்க எவ்வளவு பாடோ அவ்வளவு பாடு வேகத்தைக் குறைக்கவும் பட்டாகணுமே?"

இதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, "நிறுத்தறதைப் பத்தி இப்பவே ஏன் சார் கவலைப்படணும்?" என்றார். என்னைப் பார்த்து லேசாகப் பரிதாபப்பட்டார் என்று கூடச் சொல்லலாம். மனிதகுலம் இன்றைக்கு அனுப்பியிருக்கிற எந்தக் கலமும் பக்கத்து நட்சத்திரம் இருக்கிற தூரத்தைக் கடக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? அது மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

இந்த "மற்றவர்கள்" யார் என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டில் அது ஒரே ஒரு ஆள், அவருடைய மனைவி. சமையலறைக் குழாய் சொட்டினால் அது வெறும் இன்ஜினியரிங். காஸ் தீர்ந்துபோனால், மின்சாரம் போனால், மகளுக்குக் காய்ச்சல் வந்தால், அவருடைய பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்து இறங்கினால், எல்லாமே வெறும் இன்ஜினியரிங். அந்த இன்ஜினியரிங் பூராவையும் அந்த அம்மாள் இருபத்தைந்து வருடமாகத் தலையில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

தெருவில் அவரை லேப் அம்மா என்போம். பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. டேங்கர் லாரியில் வந்து இறங்குகிற பாலை எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அமிலத்தோடு சேர்த்து, சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றவிட்டு, குழாயின் கழுத்தில் மஞ்சளாகக் கொழுப்பு எவ்வளவு ஏறி நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால்தான் லாரி உள்ளே போகும், இல்லை என்றால் வந்த வழியே திரும்பும். பெரிய பெரிய லாரிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பார்கள். மாலையில் அதே அம்மாள் ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் மின்சார பில், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன் என்று தெருமுனையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார். கூடத்தில் ஒளிவேகத்தார் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா? ஒரு டீ போடேன்" என்பார்.

இங்கேதான் எனக்கு இயற்பியலில் ஒரு சந்தேகம். ஓடுகிறவருக்கு வயது ஏறாது, இருக்கிறவருக்குத்தான் ஏறும் என்பது கணக்கு. கீழ்வீட்டில் அது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. ஓடுகிற அம்மாளுக்கு நரை விழுந்தது, கண்ணாடி தடித்தது, நடை கோணியது. நாற்காலியில் இருக்கிறவரோ கல்யாண ஃபோட்டோவில் இருந்த மாதிரியே, கன்னம் பளபளவென்று, தொந்தி ஒன்றைத் தவிர வேறு மாறுதல் இல்லாமல் இருந்தார். இருவரையும் புதிதாகப் பார்த்த தண்ணீர் வண்டிக்காரர் ஒருநாள், "உங்க அக்கா ஊர்லருந்து வந்திருக்காங்களா சார்?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். லேப் அம்மா அன்றைக்குத் தண்ணீர் கேனைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த வண்டிக்காரரை நாலு அறை விடலாம் போல இருந்தது, பிறகு அந்த அறைகளை நாற்காலிக்காரருக்கு மாற்றி விடலாமா என்றும் யோசித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் பால் பண்ணைக்காரர்கள் வேறு ஊரில் புதிதாக ஒரு பண்ணை கட்டினார்கள். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அங்கே பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை ஏற்க லேப் அம்மாவைக் கேட்டார்கள். கீழே நான்கைந்து பேர் வேலை செய்வார்கள், குடியிருக்க வீடு கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி வந்து, இரண்டு தடவையும் போய்விட்டது. முதல் தடவை மகள் சின்னக் குழந்தை, "அவளை யாரு பாத்துக்கறது?" என்றார் ஒளிவேகத்தார். அடுத்த தடவை, "என் வேலை என்ன ஆகறது?" என்றார். இந்தத் தடவையும் விட்டால் அந்த இடம் லேப் அம்மாவே குழாய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து ஆளாக்கின பெண்ணுக்குப் போய்விடும், அப்புறம் யாரும் இவரைக் கேட்கப்போவதில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அதே கூடம், அதே சுழலும் இயந்திரம்.

"இங்க லேப்ல ஜன்னலே கிடையாதுண்ணா" என்று அந்த வாரம் மாடிக்கு வந்து என் மனைவியிடமும் என்னிடமும் சொன்னார். "ட்யூப்லைட்லயே பாத்துப் பாத்து என் கண்ணு போச்சு. அங்க கிழக்குப் பக்கம் பூரா ஜன்னலாம். கழுவற தொட்டி எங்க வரணும்னு என்னைக் கேட்டாங்க. என்னை! இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட எது எங்க வரணும்னு கேட்டதே இல்ல." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆசை என்றால் அதுதான் ஆசை. கீழ்வீட்டு நாற்காலி அப்போதே என் கண்முன்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் பேச்சுவார்த்தை. நியாயம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அன்று காலையில்தான் முடிவெட்டும் கடையில் என் காது கேட்க, "ஒருவழிப் பயணம்னா கூட நான் ரெடி சார். திரும்பி வரவே வேணாம். இப்பவே பேர் குடுத்துடுவேன்" என்று கழுத்தில் துணியோடு அவர் பிரகடனம் செய்திருந்தார். நான் பேசாமல் போய் ஓரமாக உட்கார்ந்தேன். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், அப்பாவின் வாய் அப்படியே வந்திருந்தது, நல்லவேளை கைகால் அம்மாவுடையது.

"போகலாம்னு இருக்கேங்க" என்றார் லேப் அம்மா. "நீங்களும் இப்ப வீட்லதானே இருக்கீங்க. இவளுக்கும் வேலை கிடைச்சிடுச்சு. வாங்களேன், ரெண்டு பேரும் போவோம்."

"ஆறு மணி நேரமா?" என்றார் ஒளிவேகத்தார். "பஸ்லயா? இடுப்பு என்னத்துக்கு ஆகறது?"

"நாலு ஒளியாண்டுக்கு இடுப்பு தாங்குமாப்பா?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. இது வாழ்க்கைப் பிரச்சினை."

அதற்கப்புறம் அவர் பேசியதைக் கேட்டு நான் அசந்துபோனேன். வாசகர்களே, அந்த மனிதருக்கு இன்ஜினியரிங் தெரியும்! பழுத்த ஞானம்! சாமானை ஏற்ற லாரி வேண்டும், லாரியில் ஏற்ற ஆள் வேண்டும், கட்ட அட்டைப்பெட்டி வேண்டும், அந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவர முதலில் இன்னொரு வண்டி வேண்டும், இப்படியே போனால் இதற்கு முடிவு எங்கே என்று கேட்டார். வழியில் ரோடு வேலை நடக்கிறதாம், ஒரு தூசி மூக்கில் போனால் போதும், பத்து நாள் தும்மல், யார் பொறுப்பு என்று கேட்டார். சரி, போய்ச் சேர்ந்தாயிற்று, பிடிக்கவில்லை, திரும்பி வருவது எப்படி, அதை யோசித்தாயா என்று கேட்டார். அந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருக்குமோ, அந்த ஊரில் முடிவெட்டுகிறவர் எப்படிப்பட்டவரோ, இந்தக் கைவைத்த நாற்காலி அந்த வீட்டு வாசற்படியில் நுழையுமோ நுழையாதோ என்றார். அண்டவெளியில் அவர் கண்ணுக்கே படாத சுமையும் தூசும் பிரேக்கும், ஆறு மணி நேரப் பஸ் பயணத்தில் ஒன்று விடாமல் தெரிந்துவிட்டது. நட்சத்திரத்தில் அந்நியர் முடிவெட்டினால் பரவாயில்லை போலிருக்கிறது.

லேப் அம்மா பாலைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டார்.

"நான் போறது தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு யாரு சொன்னா? உன் திறமைக்கு இது எப்பவோ வந்திருக்கணும். கொள்கையளவுல எனக்குப் பூரண சம்மதம். ஆனா..."

"போதும்" என்றார் லேப் அம்மா. எழுந்துகொண்டார். "கொள்கையளவுல சம்மதம்னு அண்ணா முன்னாடி சொல்லிட்டீங்க. மீதி எல்லாம் வெறும் இன்ஜினியரிங்தானே? அதை எப்பவும் நான்தானே பாக்கறேன், இதையும் நான் பாத்துக்கறேன்."

ஒளிவேகத்தார் வாயைத் திறந்தார். மகள் உள்ளே போய் ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் நியாயம் சொல்ல வந்தவன், நியாயம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால் மாடிக்குப் போய்விட்டேன்.

லாரியும் வரவில்லை, அட்டைப்பெட்டியும் வரவில்லை. ஒரு பெட்டி, ஒரு தோள்பை, அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். லேப் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒளிவேகத்தார் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நகர்ற கடிகாரம் மெதுவா ஓடும்னு சொன்னேன் பார், இந்தப் பஸ்ஸுக்கும் அது உண்டு. நீ போய் இறங்கும்போது எங்களைவிட உனக்குக் கொஞ்சூண்டு வயசு கம்மியா இருக்கும். ஒரு நொடியை எத்தனை கோடியா நறுக்கினாலும் அகப்படாத துணுக்கு. ஆனா கம்மிதான்!" என்றார். புருஷன் ஊருக்குப் போகிற மனைவியிடம் சொல்ல வேண்டியது எத்தனையோ இருக்கிறது. இவருக்கு அதுதான் வாயில் வந்தது. கம்பியை மட்டும் விடவில்லை.

"உப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு" என்றார் லேப் அம்மா. பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் கல்நெஞ்சமும் கரையும், எழுதத்தான் போகிறேன். மகள் மருந்துக் கடையில் இரண்டு வேளையும் நிற்கிறவள். "எனக்கு முடிஞ்சது நான் செய்யறேம்ப்பா, மீதி உங்க பங்கு" என்று வேலையை நேர்பாதியாக வெட்டி வைத்தாள். பாலில் இருந்து ஆரம்பம். ஊர்ப் பாலையெல்லாம் சோதிக்கிறவரின் வீட்டில் பால் தினமும் பொங்கி அடுப்பில் ஓடியது. ஒருநாள் அவர் கரண்டியும் கையுமாக மாடிக்கு ஓடிவந்து, "சார், பால் எப்ப பொங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார். "கொள்கையளவுல, தண்ணி கொதிக்கற சூட்டுக்குக் கிட்டத்தட்ட வந்ததும்" என்றேன். அதற்குள் கீழே பொங்கிவிட்டது.

குழாய் சொட்டியது, அவரே மணிக்கணக்கில் அலைந்து குழாய்க்காரரைப் பிடித்தார். துணி துவைத்தார். துவைத்த துணி தானாக மடிந்துகொள்ளாது என்பதை மகள் ஒருநாள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மடிக்காத துணியெல்லாம் கைவைத்த நாற்காலியில் குவிந்தது, நாளடைவில் நாற்காலி கண்ணுக்கே தெரியவில்லை. மனிதர் நின்றபடியே இருந்தார். வெயில், வரிசை, பை, படிக்கட்டு. கன்னத்துப் பளபளப்பு போயிற்று. காதோரம் வெள்ளை தெரிந்தது. தெருமுனையில் காய்கறிப் பையோடு ஓட்டமும் நடையுமாக ஒருவர் வருவார், பார்த்தால் நம் ஒளிவேகத்தார். முடிவெட்டும் கடையில் அவர் இப்போதெல்லாம் வெயிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து போகிறார் என்று சொல்லிக் கடைக்காரர் என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

புதுப் பண்ணை ஆரம்பித்த வேலையில் லேப் அம்மாவால் உடனே வர முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறைக்கு வந்தார். நான் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. மெதுவாக, ஒரு கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார். அந்த அம்மாள் கையை வீசி நடந்து நான் பார்த்ததே இல்லை, அந்தக் கைக்கு எப்போதும் ஏதாவது ஒரு பை இருந்தது.

ஒளிவேகத்தார் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். கையில் தரை துடைக்கிற மாப்பு.

"ஏம்மா, உனக்கு வயசே ஆகலியே" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க, போறவங்களுக்கு ஆகாதுன்னு."

"அது ஒளிவேகத்துல போனா..."

"நான் பஸ்லதாங்க போனேன்" என்றார் லேப் அம்மா. சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "என்னங்க இது, கண்ணெல்லாம் இப்படி உள்ள போயிருக்கு? ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

அவர் மாப்பைச் சுவரில் சாத்தினார். அது வழுக்கி விழுந்தது, மறுபடி எடுத்துச் சாத்தினார். "இத்தனை வருஷமா இதையெல்லாம் எப்படிம்மா செஞ்சே? வேலைக்கும் போயிட்டு?" என்றார். லேப் அம்மா உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தார். கேலி எழுதுகிறவனுக்கு இதையெல்லாம் பார்ப்பது நல்லதில்லை, அதனால் மாடிக்குப் போய்விட்டேன்.

சரி, ஆள் திருந்திவிட்டார், சுபம் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் உங்களுக்குப் புரியவில்லை. விடுமுறை முடிந்து லேப் அம்மா கிளம்புகிறபோது வாசலில் நின்று சொன்னார். "அங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. வந்து ரெண்டு நாள் இருந்து பாருங்களேன். சாயங்காலமானா பேச ஆளில்லைங்க. உங்க இரட்டைப் பிறவிங்க கதையைக் கூட கேட்டுக்கறேன்."

"வர்றேன், வர்றேன். கொள்கையளவுல..."

"கொள்கையளவுல வராதீங்க" என்றார் லேப் அம்மா. "பஸ்ல வாங்க."

அன்றே அவர் பையை எடுத்து வைத்துவிட்டார் என்பதை நானே பார்த்தேன். நாலு சட்டை, ஒரு சீப்பு, தும்மலுக்கு மாத்திரை. பை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த மாதம் மகள் துணியையெல்லாம் மடித்து எடுத்து வைத்ததில் நாற்காலி மறுபடி வெளியே தெரிந்தது, அவர் அதில் போய் மெல்ல உட்கார்ந்தார், பை இப்போது கால் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. நேற்று நான் கீழே இறங்கும்போது கூப்பிட்டார்.

"சார், கணக்குப் போட்டுப் பாத்தேன். அவ ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்ல சார். ஒளிக்கு ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குதான் ஆகும்."

"பஸ்ஸுக்கு ஆறு மணி நேரம்" என்றேன்.

"அது வெறும்..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லை அவரால் முடிக்க முடியவில்லை. உள்ளே அடுப்பில் பால் இருந்தது, எழுந்து ஓடினார். வெளியே பஸ் நிலையத்துப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது, காலை வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கிழக்கு ஜன்னல் ஊருக்குப் போகிற வண்டி அதுதான். அதில் இடம் இருக்கிறது, தினமும் இருக்கிறது.

என்னய்யா ஆள் இவர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள், கால் எதன்மேல் இருக்கிறது என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று. நீங்கள் படிக்க ஆரம்பித்த பிறகு உள்ளே இருந்து ஒரு குரல் இரண்டு தடவை கூப்பிட்டது, நீங்கள் தலையைத் தூக்காமலே "இதோ வர்றேன்" என்றீர்கள். உங்கள் கடிகாரத்துக்கு அது இப்போதுதான். அந்தக் குரலுக்கு எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.